மூண்டாவது குளிசை

— இல்லை டொக்டர், எனக்கு இருக்கிறதுக்குக் கதிரை வேண்டாம். எங்கை கையெழுத்து வைக்கவேணும் எண்டு காட்டுங்கோ. வைச்சிட்டு மனிசியைக் கூட்டிக்கொண்டு போறன்.

— என்ன கையெழுத்து, ஐயா?

— விலகிற கையெழுத்து. உங்கடை புற்றுநோய் ஆராய்ச்சியிலையிருந்து இரஞ்சிதம் விலகிறா. சேரேக்கை சாட்சி எண்டு என்னட்டைத்தானே கையெழுத்து வாங்கினனீங்கள்? விலகிறதுக்கும் நானே வைக்கிறன்.

— தயாபரன் ஐயா, விலகிறதெண்டால் எப்பவும் விலகலாம், ஒருத்தரும் மறிக்கேலாது. ஆனால் அதை அம்மா தன்ரை வாயாலை சொல்லவேணும். நீங்கள் சொல்லி நான் விலத்தேலாது. அவ எங்கை?

— வெளியிலை வாங்கிலை குந்தி இருக்கிறா. இண்டையிலையிருந்து மூண்டு குளிசையாம் எண்டு அவவுக்குப் பெரிய புளுகம், ஒரே சந்தோசம். நான் தேத்தண்ணி குடிக்கப் போறன் எண்டு பொய் சொல்லிப்போட்டு இஞ்சை வந்தனான்.

— ஓம், இண்டைக்கு ஒண்டு கூட்டுறம். பதினொரு கிழமை ரெண்டு குளிசை போட்டவ. ரத்தமும் நல்லாய் இருக்கு, ஒரு பிரச்சினையும் இல்லை.

— ஆருக்குப் பிரச்சினை இல்லை? எனக்கு இருக்கு, விளங்குதோ? உருத்திரபுரத்திலையிருந்து வவுனியா மட்டும் பஸ்ஸிலை நிண்டுகொண்டு வந்தனான். ஓமந்தை தாண்டேக்கை முடிவெடுத்திட்டன். இனிக் காணும்.

— முதலிலை இருங்கோ. ஆறுதலாய்ச் சொல்லுங்கோ, என்ன நடந்தது?

— கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. உங்களுக்குக் கலியாணம் முடிஞ்சுதோ?

— முடிஞ்சுது. ரெண்டு பிள்ளையள். ஏன்?

— சும்மா கேட்டனான்.

— சும்மா கேட்ட மாதிரித் தெரியேல்லை.

— செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு நீங்கள் இரஞ்சிதத்துக்குப் போன் எடுக்கிறியள்.

— ஓம். ஆராய்ச்சியிலை இருக்கிற எல்லாருக்கும் நான்தான் எடுக்கிறனான். நேர்ஸ் மிஸ்ஸியிட்டை விடுறேல்லை. குளிசை என்ன செய்யுது எண்டு அவையின்ரை வாயாலை நான் கேக்கவேணும்.

— மூண்டரைக்கே முகம் கழுவி, தலை இழுத்து, பௌடர் போட்டு ரெடி. போனிலை முகம் தெரியுமோ, டொக்டர்?

— தெரியாது.

— தெரியாதெல்லோ! பிறகு அந்தப் போனைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னாலை போறா. கலியாணம் கட்டி முப்பத்திரண்டு வரியம். ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு அந்தக் கொட்டிலுக்குப் பின்னாலை போனவவோ? இல்லை. அங்கை நிண்டு சிரிக்கிறா. எனக்குக் கேக்கும். மாடும் திரும்பிப் பாக்கும்.

— நான் சிரிக்கிற கதை ஒண்டும் சொல்லுறேல்லை, ஐயா. வயித்தாலை போகுதோ, வயித்தைப் பிரட்டிச் சத்தி வருதோ எண்டுதான் கேக்கிறனான்.

— நான் கேட்டால் சிரிக்கிறாவோ? ‘என்ன செய்யுது’ எண்டு கேட்டால் ‘ஒண்டுமில்லை’. முதுகு, நாரி நோகுதோ? ஒண்டுமில்லை. ஏன் சாப்பிடேல்லை? ஒண்டுமில்லை. பிறகு நாள் முழுக்க ‘டொக்டர் சொன்னவர், டொக்டர் சொன்னவர்’. தண்ணி நல்லாய்க் குடிக்கட்டாம், டொக்டர் சொன்னவர். வெயிலுக்கை நிக்கக்கூடாதாம், டொக்டர் சொன்னவர். உதெல்லாம் நான் முப்பது வரியமாய்ச் சொன்னது. நான் சொல்லேக்கை அது புறுபுறுப்பு. நீங்கள் சொன்னால் அது மருந்து.

— ஐயா, உங்களுக்கு என்னிலை எரிச்சல்.

— ஓம், எரிச்சல்தான். ஐம்பத்தெட்டு வயசிலை சொல்ல வெக்கமாய்க் கிடக்கு, ஆனால் அதுதான் உண்மை. வரம்பிலை நிண்டால் உங்கடை பேர்தான் காதுக்குள்ளை கேக்குது. டொக்டர் ரஜிதன், டொக்டர் ரஜிதன். பசளை எறிஞ்சனோ இல்லையோ எண்டு தெரியாமல் ஒரே வயலுக்கு ரெண்டு தரம் எறிஞ்சுபோட்டன். பயிர் பாதி கருகிப்போச்சு. பக்கத்து வயற்காரன் சிரிக்கிறான்.

— நான் செய்யிற வேலையைக் கொஞ்சம் சொல்லட்டோ? கேட்டுப்போட்டு என்னைப் பேசுங்கோ.

— சொல்லுங்கோ.

— இந்தக் குளிசை புதிசு. எவ்வளவு குடுத்தால் நோயை அமத்தும், எவ்வளவுக்கு மேலை போனால் ஆளைக் கெடுக்கும் எண்டு இன்னும் ஒருத்தருக்கும் முழுசாய்த் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கிறதுதான் ஆராய்ச்சி. முதல் ஒண்டு, பிறகு ரெண்டு, பிறகு மூண்டு எண்டு படி ஏறுற மாதிரி ஏறுறம். ஒரு படியிலை கரைச்சல், உபத்திரவம் ஒண்டும் இல்லையெண்டு ஆக்கள் சொன்னால்தான் அடுத்த படி. அம்மாதான் மூண்டாவது படிக்கு முதல் ஆள். அவ தாங்கினால், வாற கிழமை ஒட்டுசுட்டானிலையிருந்து வாற ஒரு பிள்ளைக்கும் மூண்டு குடுப்பன். அந்தப் பிள்ளைக்கு வயசு இருபத்தொன்பது. அவவின்ரை உயிர் அம்மாவின்ரை சொல்லிலை நிக்குது.

— அப்ப இரஞ்சிதம் என்ன சொல்லுறா? போனிலை என்னதான் சொல்லுறா?

— அது நான் சொல்லேலாது. அம்மாவின்ரை கதை அம்மாவோடை. புருசன் எண்டாலும் சொல்லேலாது.

— பாத்தியளோ! அதைத்தான் நானும் சொல்லுறன். அவவுக்கும் உங்களுக்கும் நடுவிலை ஒரு கதவு. நான் வெளியாலை நிக்கிறன். ஆனால் தம்பி, எனக்கு எல்லாம் தெரியும். நீங்கள் சொல்லத் தேவையில்லை. நான் வாசிச்சனான்.

— என்னத்தை வாசிச்சனீங்கள்?

— அவ உங்களுக்கு எழுதுற கொப்பியை.

— எனக்கு எழுதுறதோ?

— நடிக்காதேங்கோ. இந்தா, சேட்டுக்குள்ளை வைச்சுக் கொண்டந்தனான். மட்டையிலை பாருங்கோ, பெரிய எழுத்திலை, ‘டொக்டருக்கு’. அவவுக்கு ஒளிச்சு வைக்கவும் தெரியாது. சாமித்தட்டிலை, விபூதிக்குப் பக்கத்திலை வைக்கிறா. காலமை விபூதிக்குக் கை நீட்டினால் கையிலை கொப்பிதான் முட்டுது. முதல் நாள் தள்ளி வைச்சுப்போட்டுப் போனனான். ரெண்டாம் நாள் ஏலேல்லை. திறந்தன்.

— எப்ப துவங்கினது இது?

— ஒரு மாசமாய். போன முறை இஞ்சை வந்துபோன பிறகு. எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதானே, வாசிக்கிறன் கேளுங்கோ. ‘வியாழக்கிழமை. உள்ளங்கால் ரெண்டும் நெருப்பிலை வைச்ச மாதிரி எரியுது. கிணத்தடிச் சீமெந்திலை நிக்கேலாது. இவருக்குச் சொன்னன். செருப்பைப் போடன் எண்டார்.’

— நில்லுங்கோ. கால் எரியுதெண்டோ எழுதியிருக்கு?

— ஏன், போனிலை சொல்லேல்லையோ?

— போனிலை சொன்னது சொல்லாதது நான் கதைக்கேலாது. திகதி போட்டிருக்கோ? திகதியோடை வாசியுங்கோ.

— இருபத்திரண்டாம் திகதி. என்ன தம்பி, திடீரெண்டு பேனையை எடுக்கிறியள்?

— நீங்கள் வாசியுங்கோ, ஐயா.

— ‘இருபத்தாறு. வாயெல்லாம் புண். சம்பல் வைக்கேலாது. சோத்துக்குத் தண்ணி விட்டு விழுங்கினனான். இவர் கறிக்கு உப்புக் காணாது எண்டார்.’ பாருங்கோ, எல்லா இடத்திலையும் நான் ஒரு மொக்கன் மாதிரி வாறன். உங்களுக்கு என்னைப் பற்றி இப்பிடித்தான் எழுதுறா.

— பிறகு?

— ‘இருபத்தெட்டு. வெங்காயம் தாளிக்கிற மணம் வந்தால் வயித்தைப் பிரட்டுது. குசினிக்குள்ளை போகவே பயமாய் இருக்கு.’ இதை வாசிச்ச அண்டைக்கே அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் மாமரத்தடியிலை வைச்சன். இப்ப நான்தான் கறி வைக்கிறன். குசினிக் கூரை திருத்தவேணும் எண்டு ஒரு பொய் சொன்னனான். களவாய் வாசிச்சதைக் காட்டக்கூடாதெல்லோ.

— அம்மா நம்பினவவோ?

— ஒண்டும் கேக்கேல்லை. கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து நான் கறி வைக்கிறதைப் பாத்துக்கொண்டு இருந்தவ. கிணத்தடியிலையும் ஈரச்சாக்கு விரிச்சு விட்டிருக்கிறன். அதையும் கேக்கேல்லை. அவ்வளவு தூரம் அவவுக்கு என்னிலை கவனமில்லை, விளங்குதோ? நான் தலைகீழாய் நிண்டாலும் காணமாட்டா. கண் முழுக்க உங்களிலை.

— அடுத்தது என்ன எழுதியிருக்கு?

— வயித்தாலை போறது எழுதியிருக்கு. நாளுக்கு ஆறு ஏழு தரமாம். அதை வாசிக்க எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. என்னோடை ஒரு வீட்டிலை இருக்கிறவ. எனக்குத் தெரியாது. உங்களுக்கு எண்ணி எழுதியிருக்கிறா.

— ஆறு ஏழு தரம் எத்தினை நாளாய்?

— நாலு நாள். பிறகு இது. ‘நேற்று வாய்க்கால் கட்டிலை தலை சுத்தி விழுந்துபோனன். எவ்வளவு நேரம் கிடந்தன் எண்டு தெரியாது. ஒருத்தரும் காணேல்லை. எழும்பிச் சேறைக் கழுவிப்போட்டு வந்து இவருக்குத் தேத்தண்ணி வைச்சனான்.’

— எப்ப?

— சனிக்கிழமை. அண்டைக்குத் தேத்தண்ணியிலை சீனி கூட எண்டு நான் சத்தம் போட்டனான்.

— ஐயா, ஒரு நிமிசம் பொறுங்கோ... ஹலோ, கஜனி மிஸ்ஸி? இரஞ்சிதம் அம்மாவுக்கு மூண்டாவது குளிசை குடுத்தாச்சோ?... கையிலையோ வைச்சிருக்கிறா? விழுங்கேல்லையோ? வாங்குங்கோ. உடனை வாங்குங்கோ, மற்ற ரெண்டையும் வாங்குங்கோ. இண்டைக்கு ஒண்டும் குடுக்கவேண்டாம்... ஓம், திரும்பப் பிரஷர் பாருங்கோ, படுக்க வைச்சும் எழுப்பி நிப்பாட்டியும் பாருங்கோ. பாத்திட்டு உள்ளுக்கு அனுப்புங்கோ.

— என்ன, என்ன நடந்தது? ஏன் முகம் இப்பிடி மாறிப்போட்டுது?

— அந்த மூண்டாவது குளிசை போயிருந்தால், இண்டைக்குப் பின்னேரம் நீங்கள் பஸ்ஸிலை அம்மாவைக் கொண்டுபோயிருக்கமாட்டியள். அவ்வளவுதான் இப்ப சொல்லுவன்.

— எனக்கு விளங்கேல்லை. எல்லாம் தெரிஞ்சுகொண்டுதானே கூட்டுறியள்?

— மிச்சம் இருந்தால் வாசியுங்கோ.

— இன்னும் ஒண்டு கிடக்கு. அதை வாசிக்கமாட்டன்.

— மருந்துக்கு வேண்டியதெண்டால் நான் கேக்கவேணும்.

— மருந்துக்கு இல்லை. அதுக்காகத்தான் நான் விலத்த வந்தனான். ‘சாகப் பயமில்லை எண்டு எல்லாருக்கும் சொல்லுறன். பயமாய்க் கிடக்கு. விடியேக்கை முழிப்பு வந்தால் இவர் மூச்சு விடுறதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பன்.’

— ம்.

— கேட்டியளோ? பயமாம். ஷெல் விழேக்கை பங்கருக்குள்ளை என்ரை முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவ. அப்பவும் பயமெண்டு சொல்லேல்லை. முகாமிலை தண்ணிக்கு வரிசையிலை நிண்டவ, சொல்லேல்லை. இந்த நோய் வந்து ரெண்டு வரியம், முடி கொட்டிச்சு, ஒரு பக்க மார்பை வெட்டி எடுத்தாச்சு, என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லேல்லை. உங்களிட்டைச் சொல்லியிருக்கிறா. நேற்று வந்த உங்களிட்டை. குளிசையை நீங்கள் குடுங்கோ, ஊசியை நீங்கள் போடுங்கோ, நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஆனால் அந்தப் பயம் என்னட்டை வரவேண்டியது, டொக்டர். அது என்ரை.

— தண்ணி குடிக்கிறியளோ, ஐயா?

— வேண்டாம். உங்கடை தண்ணியும் வேண்டாம்.

— அம்மா வாறா. கண்ணைத் துடையுங்கோ. வாங்கோ அம்மா, இப்பிடி இருங்கோ.

— என்ன டொக்டர், மிஸ்ஸி கையிலையிருந்த குளிசையைப் பறிச்சுப்போட்டா? எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. நல்ல சுகம். ஐயோ, இவர் ஏன் இஞ்சை இருக்கிறார்? தேத்தண்ணிக்கெல்லோ போனவர்?

— உந்தச் சொக்ஸைக் கழட்டுங்கோ, அம்மா.

— ஏன் டொக்டர்? கால் கழுவாமல் வந்தனான்.

— பரவாயில்லை, கழட்டுங்கோ. மெல்ல. ஆறுதலாய்... தோல் முழுக்க உரிஞ்சுபோய்க் கிடக்கு. அம்மா, இந்தக் காலோடை எப்பிடிப் பஸ் ஏறினனீங்கள்?

— நான் நிண்டுகொண்டு வந்தனான் டொக்டர், இவவுக்குச் சீற் பிடிச்சுக் குடுத்தனான். ஏனடி, இவ்வளவு மோசமெண்டு கொப்பியிலை எழுதேல்லையே?

— இஞ்சேருங்கோ, சும்மா இருங்கோ. டொக்டர், இவர் என்ன சொன்னவர்? இவற்ரை கதையைக் கேட்டு என்னை விலத்திப்போடாதேங்கோ. பழைய மருந்து மூண்டும் கேக்கேல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? இதுவும் போனால் எனக்கு என்ன கிடக்கு?

— அதுக்கோ செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை ‘சுகம் டொக்டர், ஒண்டுமில்லை டொக்டர்’ எண்டு சிரிச்சனீங்கள்?

— கரைச்சல் எண்டு சொன்னால் நிப்பாட்டிப்போடுவியள் எண்டு வாங்கிலை இருந்த ஆக்கள் கதைச்சவை. மூண்டு குளிசை போட்டால்தான் வேலை செய்யும் எண்டும் கதைச்சவை.

— அம்மா, சொல்லியிருந்தால் அண்டைக்கே அளவைக் குறைச்சிருப்பன். குறைக்கிறதும் ஆராய்ச்சிதான். உங்களுக்கு ரெண்டே கூட எண்டால் அது எனக்குத் தெரியவேணும். இல்லாட்டி ஒட்டுசுட்டான் பிள்ளைக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு குடுத்திருப்பன்.

— அப்பிடி ஒரு பிள்ளை இருக்கோ? எனக்குத் தெரியாது டொக்டர். சத்தியமாய்த் தெரியாது.

— இண்டைக்கு வார்ட்டிலை நிண்டு சேலைன் ஏத்துங்கோ. கால் ஆறட்டும், வயிறு சரிவரட்டும். பிறகு ஒரு குளிசையிலை திரும்பத் துவங்கலாமோ எண்டு பாப்பம். உங்களை ஆராய்ச்சியிலையிருந்து நான் விலத்தேல்லை. சரியோ?

— விலத்தேல்லையோ?

— இல்லை.

— பொறு, பொறு. எனக்கு ஒண்டைச் சொல்லு. போனிலை இவருக்கு நீ ஒண்டும் சொல்லேல்லையோ? அப்ப அந்தக் கொட்டிலுக்குப் பின்னாலை என்ன செய்தனீ?

— பொய் சொன்னனான். நீங்கள் பக்கத்திலை நிண்டால் கண்டுபிடிச்சுப்போடுவியள்.

— பௌடர் போட்டது?

— பொய் சொல்லவும் ஒரு தைரியம் வேணுமெல்லோ. ஆஸ்பத்திரி முகத்தோடை ‘நல்ல சுகம்’ எண்டு சொல்ல வாய் வரேல்லை.

— ஐயா, அம்மா தானே சொல்லிப்போட்டா, இனி நானும் சொல்லலாம். உண்மையிலை இப்ப எரிச்சல் எனக்குத்தான். பதினொரு செவ்வாய்க்கிழமை நான் கேட்டுக் கிடைக்காதது முழுக்க உங்கடை சேட்டுக்குள்ளை கிடந்திருக்கு.

— என்ன சொல்லுறியள்? இந்தக் கொப்பி உங்களிட்டைத்தானே வாறது? நீங்கள் கேட்டு எழுதினதுதானே?

— நாங்கள் ஒருத்தரையும் கொப்பி எழுதச் சொல்லுறேல்லை, ஐயா. இண்டைக்குத்தான் நான் இதை முதல் காணுறன்.

— அப்ப மட்டையிலை ஏன் டொக்டருக்கு எண்டு போட்டனீ? இஞ்சேர், உன்னைத்தான் கேக்கிறன். ஒரு மாசமாய் நான் ஒழுங்காய் நித்திரை கொள்ளேல்லை, ஏன் அப்பிடி எழுதினனீ?

— உங்களுக்கு எண்டு எழுதி வைச்சிருந்தால் நீங்கள் அதைத் திறந்து பாத்திருப்பியளோ?